ஒரே பலகை, ஒரே கோடு

ஹைடா மக்களின் பழைய மரப்பெட்டி ஒன்று எதிரே இருந்தால் முதலில் அதன் மூலைகளைப் பாருங்கள். முகப்பில் எழுதியிருக்கும் பெரிய கண்களும் கறுப்பும் சிவப்புமான கோடுகளும் பார்வையைப் பிடித்து இழுக்கும். இழுக்கட்டும், அவற்றுக்குப் பிறகு வரலாம். பெட்டிக்கு நான்கு மூலைகள். அவற்றில் மூன்றில் இணைப்பே கிடையாது. பலகை ஒரு பக்கமாக ஓடிவந்து, மூலையில் திரும்பி, அடுத்த பக்கமாகத் தொடர்கிறது. மரத்தின் ரேகைகளும் அதோடு சேர்ந்து திரும்புகின்றன. நான்காவது மூலையில்தான் பலகையின் தலையும் வாலும் சந்திக்கின்றன. அங்கே மட்டும் மர முளைகளோ வேரால் போட்ட தையலோ தெரியும். நான்கு சுவர்களும் ஒரே பலகை. ஹைடா கலையின் இலக்கணம் முழுவதையும் இந்த மூன்று மூலைகளிலிருந்து கற்றுக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

இவர்களுடைய நாடு ஹைடா குவாய். கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடபகுதிக்கு எதிரே, ஹெகேட் நீரிணைக்கு அப்பால் கிடக்கும் 150க்கும் மேற்பட்ட தீவுகள். ஆங்கிலேயர் ஒரு கப்பலின் பெயரை வைத்து ராணி ஷார்லட் தீவுகள் என்று அழைத்த இடம். 2010இல் அரசே அந்தப் பெயரைக் கைவிட்டு, மக்கள் வழங்கிவந்த பெயருக்குத் திரும்பியது. அலாஸ்காவின் தென்கோடியிலும் ஹைடா ஊர்கள் உண்டு. அடிக்கடி பெய்யும் மழை, பாசி படர்ந்த காடு, பலர் கைகோத்தாலும் சூழ முடியாத மரங்கள், ஆற்றில் ஏறிவரும் சால்மன், கடலடியில் ஹாலிபட், கரையில் சிப்பிகள். உழவை நம்பாமலே பெரிய, நிலையான ஊர்களும், உயர்குடி மரபுகளும், கலையையே தொழிலாகக் கொண்ட கலைஞர்களும் உருவான சமூகம் இது. கோடையில் பிடித்து உலர்த்திய மீன் குளிர்காலத்தைத் தாங்கும். அந்த நீண்ட ஈரக் குளிர்காலம் விருந்துக்கும் சடங்குக்கும் உரியது. சேமிக்க முடிந்ததால்தான் கலைக்கு நேரம் கிடைத்தது. சேமித்தது பெட்டிகளில்.

பெட்டியின் வேலை காட்டிலேயே தொடங்கிவிடுகிறது. சிவப்பு செடார் லேசான மரம், எளிதில் உளுத்துப்போகாது, ரேகை நேராக ஓடுவதால் நேராகவே பிளக்கும். ஆப்புகளை வரிசையாக அடித்துக்கொண்டே போனால் ரம்பம் இல்லாமலே நீளமான பலகை கழன்று வரும். நின்றுகொண்டிருக்கும் மரத்திலிருந்து ஒரு பலகையை மட்டும் பிளந்தெடுத்துக்கொண்டு மரத்தை வாழவிட்ட வழக்கமும் இருந்தது. அப்படித் தழும்பேறிய மரங்கள் இந்தக் கடற்கரைக் காடுகளில் இன்றும் நிற்கின்றன. பெட்டிக்கு எடுக்கும் பலகையில் கணு இருக்கக் கூடாது, ரேகை திருகியிருக்கக் கூடாது. மூலை வரவேண்டிய இடத்தில் சிறு கணு இருந்தாலும் வளைக்கும்போது அங்கேதான் முறியும்.

பலகையை வாச்சியால் செதுக்கிச் சமமாக்கிய பின், மூலை வரவேண்டிய மூன்று இடங்களில் குறுக்கே காடி வெட்டுவார்கள். தச்சனின் தரத்தை இந்தக் காடியே சொல்லிவிடும். ஆழம் குறைந்தால் பலகை வளையாது; கூடினால் ஒடியும். வளையும் இடத்தில் சில மில்லிமீட்டர் மரம்தான் மிஞ்சுகிறது. காடியின் ஒரு விளிம்பை உட்புறமாகக் குடைந்து, வளைத்ததும் மறுவிளிம்பு அதற்குள் போய்ப் பொருந்தி உட்காரும்படி செய்வார்கள். பிறகு குழியில் கற்களைச் சூடாக்கி, ஈரமான கடற்பாசியும் இலைகளும் பரப்பி, நீர் தெளித்து, எழும் ஆவியில் பலகையை வேகவைப்பார்கள். வெந்த மரம் வளையச் சம்மதிக்கும் நேரம் கொஞ்சம்தான். வெளியே எடுத்த கணமே ஆறத் தொடங்கும். அதற்குள் மூன்று மூலைகளையும் திருப்பி, கயிறு சுற்றி, ஆப்பு வைத்து இறுக்கி, மூலைக்கு மூலை அளந்து சதுரத்தைச் சரிபார்த்தாக வேண்டும். நிதானமாகப் பல நாள் செய்த வேலையின் முடிவு இந்தச் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். நான்காம் மூலையைத் துளையிட்டு மர முளை அடித்தோ ஸ்ப்ரூஸ் வேரால் தைத்தோ மூடுவார்கள். அடிப்பலகையின் விளிம்பைச் சுற்றிலும் இழைத்து, சுவர்களுக்குள் பிடிப்பாக உட்கார வைத்து முளையடிப்பார்கள். இரும்பாணி கிடையாது. நல்ல கைக்காரர் செய்த பெட்டியில் தண்ணீர் ஊற்றினால் ஒழுகாது.

ஒழுகாத பெட்டியில் சமைக்கலாம். மண்பானை வழங்காத அந்தக் கரையில், பெட்டியில் நீர் ஊற்றி, நெருப்பில் பழுத்த கற்களை இடுக்கியால் எடுத்துப் போட்டுக் கொதிக்க வைத்து மீன் வேகவைத்தார்கள். உலர்ந்த ஹாலிபட்டும், எண்ணெயில் ஊறிய பழங்களும், பெருநிலத்திலிருந்து பண்டமாற்றில் வந்த ஊலிகன் மீனின் நெய்யும் பெட்டிகளில் இருந்தன. தலைவர்களின் சடங்கு உடைகளுக்கும் முகமூடிகளுக்கும் பெரிய பேழைகள் இருந்தன. அவற்றின் கனமான மூடி விளிம்பில் கடல்நத்தையின் வெண்ணிற வாய்மூடிகளை வரிசையாகப் பதித்தார்கள். உத்தரத்திலிருந்து தொங்கவிட்ட பெட்டி, சடங்கில் முரசு ஆகும். தலைவர் இறந்தால் அவரது உடலும் பெட்டிக்கே போயிற்று.

ஹைடா குவாயின் தென்கோடியில் உள்ள ஸ்காங் குவாய் ஊரில் இன்றும் நிற்கும் தூண்கள் இதற்குச் சாட்சி. 1981இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. டோட்டெம் தூண் என்றதும் நாம் நினைப்பது ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய விலங்குகளை. ஸ்காங் குவாயின் தூண்களில் பெரும்பாலானவை இறந்தவர்களுக்கானவை. உச்சியைக் குடைந்து, அங்கே தலைவரின் பெட்டியை வைத்து, முன்னால் ஒரு பலகையால் மறைத்தார்கள். அத்தனை செதுக்கலும் சேர்ந்து தூக்கிப்பிடித்தது ஒரு பெட்டியைத்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஹைடா வீட்டைப் பார்த்தால் அதுவும் பெட்டியாகவே தெரியும்: செடார் தூண்கள், செடார் உத்தரங்கள், செடார் பலகைச் சுவர்கள், நடுவில் அடுப்பு, மேலே புகைவழி. வீட்டுக்குத் தனிப்பெயர் உண்டு; முகப்பில் செதுக்கிய தூண் உண்டு; சில வீடுகளில் அந்தத் தூணின் அடியில் திறந்த துளையே வாசல். ஒரு வீட்டில் பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்தன.

அவர்களுடைய பெருங்கதையிலும் உலகத்தின் வெளிச்சம் பெட்டியில்தான் இருக்கிறது. ஆதியில் உலகம் இருண்டு கிடந்தது. ஒரு கிழவர் வெளிச்சம் முழுவதையும் ஒரு பெட்டியில் வைத்து, அதை இன்னொரு பெட்டியில் வைத்து, அதையும் மற்றொன்றில் வைத்துப் பூட்டியிருந்தார். அண்டங்காக்கை ஊசியிலையாக மாறி, கிழவரின் மகள் குடித்த நீரில் விழுந்து, அவள் வயிற்றில் பேரனாகப் பிறந்தது. குழந்தை அழுது அடம்பிடித்தது. தாத்தா வெளிப்பெட்டியைக் கொடுத்தார். மறுபடி அழுதது, அடுத்ததைக் கொடுத்தார். கடைசியில் ஒளிப்பந்து கைக்கு வந்ததும் காக்கை தன் உருவம் எடுத்துப் புகைவழியே பறந்துவிட்டது. இந்தக் கரையின் பல மக்களிடமும் வழங்கும் கதை இது. பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிவைக்கும் வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத்தான் இப்படிக் கற்பனை செய்ய வரும்.

இப்போது கோடுகளுக்கு வருவோம். ஹைடா ஓவியத்தை ஆள்வது உருவக்கோடு. 1965இல் வெளிவந்த நூலில் பில் ஹோம் என்ற அறிஞர் இதன் விதிகளைப் பகுத்துக் காட்டினார். வார்த்தையில் எழுதாமல் கைவழியே தலைமுறைகள் கடத்திவந்த விதிகள் அவை. முதன்மைக் கோடு பெரும்பாலும் கறுப்பு. அது உருவம் முழுவதையும் ஒரே வலையாகக் கட்டுகிறது. எங்கே தொட்டாலும் அங்கிருந்து கோட்டைவிட்டு இறங்காமல் வேறெங்கும் போய்விடலாம். அடுத்த நிலைக் கோடு சிவப்பு. அது கறுப்பு அடைத்த அறைகளுக்குள் நடமாடும். மூன்றாவதாக, நீலமும் பச்சையும் கலந்த ஒரு மங்கல் நிறம், ஒதுக்கிடங்களில் மட்டும் வரும். கறுப்புக்குக் கரி, சிவப்புக்குக் காவிக்கல், நீலப்பச்சைக்குத் தாதுமண். சால்மன் முட்டைகளை வாயில் மென்று அந்தச் சாற்றில் குழைத்துச் சாயமாக்கினார்கள். மரத்தோடு ஒட்டிக்கொண்ட அந்தச் சாயம் நூறாண்டு தாண்டியும் நிற்கிறது.

கோட்டின் அகலம் ஓரிடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நடுவில் பருத்து, திருப்பத்தில் மெலிந்து, அடுத்த கோட்டோடு சேரும்போது மீண்டும் பருக்கும். நல்ல பாடகர் ஒரு சுரத்தில் கார்வை கொடுத்து நின்று, அது மெலியும் கணத்தில் அடுத்த சுரத்துக்குள் நழுவிப் போவதைக் கேட்டவர்களுக்கு இந்தப் பருத்தலும் மெலிதலும் புதிதாக இராது. இரண்டு பருத்த கோடுகள் சேருமிடத்தில் கறுப்பு குவிந்து கண்ணை உறுத்தும். அங்கே ஓவியர் சிறு பிறை ஒன்றையோ மும்முனைக் கீற்று ஒன்றையோ வெறுமையாக விட்டுவிடுவார். விரல்நக அளவு வெறுமைதான். அதனால் அந்தச் சந்திப்பு முழுவதும் இலகுவாகிறது. தேர்ந்த கையையும் நகல் எடுக்கும் கையையும் பிரித்தறிய வேண்டுமானால் இந்தச் சிறு பிறைகளைப் பாருங்கள். நகல் எடுப்பவர் கோட்டைக் கவனிக்கிறார். தேர்ந்தவர் கோடு விட்டுவைத்த இடத்தையும் சேர்த்தே வரைகிறார்.

கோடுகள் கூடிக் கட்டும் அடிப்படை உருவத்தை ஓவாய்டு என்பார்கள். மூலைகள் உருண்ட செவ்வகம் அது. மேல்விளிம்பு வெளிப்புறமாக வளைந்திருக்கும், கீழ்விளிம்பு லேசாக உள்வாங்கியிருக்கும். கண்ணும் ஓவாய்டு, தோள்மூட்டும் ஓவாய்டு, துடுப்பு உடலோடு சேருமிடமும் ஓவாய்டு. செடார் பட்டையில் அச்சு வெட்டிவைத்து அதைச் சுற்றி வரைந்தார்கள். அச்சு ஒன்றாக இருந்தும் இரண்டு பெட்டிகள் ஒன்றாக இருப்பதில்லை. அதுவே இந்த மரபின் பெருமை. விதி இறுகியிருப்பதால், ஓவியர் ஒரு விளிம்பை இம்மியளவு தாழ்த்தினாலும் நமக்குத் தெரிகிறது. தளர்ந்த மரபில் அதே மாற்றம் கண்ணில் படாமலே போயிருக்கும்.

பெட்டி முகப்பில் விலங்கு நடுவே பிளந்து இருபக்கமும் விரிந்து கிடக்கும். ஒரு முகம் நேராக நம்மைப் பார்க்கும். அதன் இடது பாதியும் வலது பாதியும் தனித்தனிப் பக்கவாட்டு முகங்களாகவும் தெரியும். மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் இந்தப் பிளப்பைப் பற்றி விரிவாக எழுதினார். சில பெட்டிகளில் முகம் முன்பக்கத்திலும், விலா இரு பக்கவாட்டிலும், பின்புறம் பின்பக்கத்திலும் வரும். விலங்கு பெட்டியைச் சுற்றிப் போர்த்தியிருக்கிறது. இங்கேதான் தச்சும் ஓவியமும் ஒன்றாகின்றன. கீழே பலகை துண்டாகாமல் மூலை திரும்புகிறது. மேலே உருவம் அறுபடாமல் மூலை திரும்புகிறது. தனித்தனிப் பலகைகளை அடித்துச் சேர்த்த பெட்டியில் இந்த ஓவியத்தை எழுதலாம்; ஆனால் இந்தக் கலை அப்படிப்பட்ட பெட்டியிலிருந்து பிறந்திருக்காது.

எந்த விலங்கு என்று கண்டுகொள்ளச் சில அடையாளங்கள் உண்டு. இரண்டு பெரிய முன்பற்களும் கட்டம்போட்ட வாலும் இருந்தால் அது பீவர் என்னும் கொறிவிலங்கு. உயர்ந்த முதுகுத்துடுப்பு இருந்தால் ஓர்கா திமிங்கிலம். அலகு நேராக நீண்டால் அண்டங்காக்கை, நுனி வளைந்தால் கழுகு. ஆனால் செறிவான பேழைகளில் இந்த அடையாளங்கள் கோடுகளுக்குள் கரைந்துபோகின்றன. உள்ளே இருப்பது எந்த விலங்கு என்பதில் அறிஞர்கள் உடன்படுவதில்லை. அந்த மயக்கத்தைக் குறையாக எண்ண வேண்டாம். உருவம் கோட்டுக்குத் தன்னை முழுவதும் ஒப்புக்கொடுத்த இடம் அது.

உருவங்கள் அலங்காரத்துக்காகப் பொறுக்கியெடுத்தவையும் அல்ல. ஹைடா சமூகம் அண்டங்காக்கை, கழுகு என்ற இரு பெரும் பிரிவுகள் கொண்டது. மணம் எதிர்ப்பிரிவில்தான்; பிள்ளை தாயின் பிரிவைச் சேரும். ஒவ்வொரு பிரிவிலும் பல குலங்கள். ஒவ்வொரு குலத்துக்கும் உரிமைப்பட்ட சின்னங்கள், பெயர்கள், கதைகள். அவற்றை மற்றவர் எடுத்தாள முடியாது. உரிமையை நிலைநாட்டும் இடம் பொட்லாட்ச் என்னும் பெருவிருந்து. தூண் நாட்டும்போதும், பெயர் சூட்டும்போதும், இறந்தவரின் நினைவிலும் விருந்து வைத்து, வந்தவர்களுக்குப் பொருளை வாரிக் கொடுப்பார்கள். பரிசு பெற்றவர் சாட்சி ஆகிறார். இறந்தவருக்கான கடமைகளை எதிர்ப்பிரிவினரே செய்வார்கள். அதற்கான மரியாதையும் விருந்தில் திருப்பித் தரப்படும். பேழையின் முகப்பில் இருந்த சின்னம் அந்தக் குடும்பத்தின் பத்திரமும்கூட.

பலகையை வளைத்த அதே ஆவி ஓடத்தையும் உருவாக்கியது. முழு செடார் மரத்தைக் குடைந்து, உள்ளே நீர் நிரப்பி, பழுத்த கற்களைப் போட்டு வேகவைத்தால் பக்கங்கள் இளகி விரியும். மரத்தின் விட்டத்தைவிட அகலமான ஓடம் கிடைக்கும். இந்த ஓடங்களில்தான் ஹெகேட் நீரிணையைக் கடந்து வணிகத்துக்கும் போருக்கும் போனார்கள். 1774இல் ஸ்பானியக் கப்பலோடு வந்த ஹுவான் பெரெஸை வடகோடிக் கடலில் எதிர்கொண்டதும் ஓடங்களில்தான்.

கடல்நீர்நாய்த் தோலுக்காக வந்த வணிகர்களுக்குப் பின்னால் நோய் வந்தது. 1862இல் விக்டோரியா நகரிலிருந்து பரவிய பெரியம்மை ஊர் ஊராக அழித்தது. பல்லாயிரமாக இருந்த மக்கள், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 600க்கும் கீழே வந்துவிட்டார்கள். எஞ்சியவர்கள் ஸ்கிடிகேட், மாசெட் என்ற இரண்டு ஊர்களில் ஒண்டினார்கள். 1885 முதல் 1951 வரை பொட்லாட்ச் சட்டப்படி குற்றம். விருந்து இல்லையென்றால் தூண் நாட்டும் காரணம் இல்லை, பேழை செய்விக்கும் காரணமும் இல்லை. தூண்களும் பெட்டிகளும் கப்பலேறி அருங்காட்சியகங்களுக்குப் போயின.

அந்த இருண்ட காலத்தில் கோட்டைக் கைவிடாமல் காத்தவர்களில் தலையாயவர் சார்ல்ஸ் ஈடன்ஷா. சுமார் 1839இல் பிறந்து 1920இல் மறைந்தவர். மரத்தில் செய்விக்க ஆள் குறைந்தபோது வெள்ளி வளையலிலும், ஸ்கிடிகேட் அருகே ஹைடா மக்கள் வெட்டியெடுக்கும் ஆர்ஜிலைட் என்ற கறுப்புக் கல்லிலும் அதே உருவக்கோட்டை இறக்கினார். மனைவி இசபெல்லா ஸ்ப்ரூஸ் வேரில் தொப்பி பின்னுவார். கணவர் அதில் எழுதுவார். வளையலும் தொப்பியும் மூலைகளே இல்லாத வட்டங்கள். கோட்டுக்கு அங்கே தொடக்கமும் முடிவும் அறவே மறைந்துவிடும். ஆர்ஜிலைட்டில் அவர் செய்த பெட்டிகளும் உண்டு. மண்ணும் மரமும் பறிபோன காலத்தில் கையளவு கல்லுக்குள் பேழையின் இலக்கணத்தை அவர் அடக்கிவைத்தார்.

அந்த வளையல்களே மறுபிறப்புக்கு வழியாயின. வானொலி அறிவிப்பாளராக இருந்த பில் ரீட், தாய்வழியில் ஹைடா. 1954இல் ஸ்கிடிகேட் உறவினர் கையில் ஈடன்ஷாவின் வளையல்களைக் கண்டு அவற்றின் வழியே நடந்தார். மஞ்சள் செடாரில் அவர் 1980இல் முடித்த அண்டங்காக்கையும் ஆதி மனிதரும் என்ற சிற்பம் வான்கூவரின் மானுடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிப்பியிலிருந்து மனிதர்கள் எட்டிப்பார்க்க, மேலே காக்கை சிறகு விரித்து அமர்ந்திருக்கிறது. ஈடன்ஷாவின் கொள்ளுப்பேரன் ராபர்ட் டேவிட்சன் 1969இல் ஓல்ட் மாசெட்டில் தூண் நாட்டினார். அந்த ஊரில் ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின் எழுந்த முதல் தூண் அது. 1985இல் லயல் தீவில் மரம் வெட்டுவதை மறித்து நின்ற 72 பேர் கைதானார்கள்; அந்தப் போராட்டத்தின் பயனாகத் தென்தீவுகளின் காடு குவாய் ஹானஸ் என்ற பெயரில் காக்கப்பட்டது. பெட்டிக்கான மரத்தைக் காத்ததும் அந்தப் போராட்டமே.

ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் பெரும்பெட்டி என்று பேர்பெற்ற 19ஆம் நூற்றாண்டுப் பேழை ஒன்று இருக்கிறது. 2014இல் ஜாலன் ஈடன்ஷா, குவாய் ஈடன்ஷா என்ற சகோதரக் கலைஞர்கள் அங்கே போய், அதன் அருகிலேயே உட்கார்ந்து அளந்து, அதே வடிவத்தில் புதுப் பெட்டி செதுக்கி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். இதை நகலெடுத்தல் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வளைவு ஏன் அங்கே மெலிகிறது என்பது கத்தி பிடித்துக் கோட்டைப் பின்தொடரும் கைக்கே தெரியும். ஆசான் மறைந்து நூறாண்டு கழித்தும் பெட்டியிடம் நேராகப் பாடம் கேட்க முடிந்தது. அந்த அளவுக்கு அதில் எல்லாமே எழுதப்பட்டிருந்தது.

அருங்காட்சியகங்கள் எடுத்துப்போனவற்றில் முன்னோரின் எலும்புகளும் இருந்தன. அவற்றைக் கேட்டுப் பெற்று 460க்கும் மேற்பட்ட முன்னோரை ஊர் சேர்த்திருக்கிறார்கள். அவர்களை முறைப்படி அடக்கம் செய்ய ஊரார் கூடிப் புதிதாக வளைபலகைப் பெட்டிகள் செய்தார்கள், போர்வைகள் தைத்தார்கள், பள்ளிப் பிள்ளைகளும் கைகொடுத்தார்கள். பெயர்பெற்ற கலைஞர் ஒருவரின் தலைசிறந்த படைப்பைவிட இந்தப் பெட்டிகளையே நான் உயர்வாக மதிப்பேன். ஒரு கைவினை உயிரோடிருக்கிறதா என்பதற்கு ஏலத்தில் அது எட்டும் விலை சான்று ஆகாது. ஊருக்கு அது தேவைப்படும்போது ஊரார் கையாலேயே அது உருவாகிறதா என்பதே சான்று.

2024 ஏப்ரலில் பிரிட்டிஷ் கொலம்பியா அரசு ஹைடா குவாய் முழுவதும் ஹைடா மக்களின் உரிமை நிலம் என்று ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டது. அந்த உரிமையைத் தூணிலும் பேழையிலும் அவர்கள் எழுதிவைத்து வெகுகாலம் ஆகிறது. ஆகவே இந்தக் கலையை ரசிக்க வருபவர்கள், அழகை மட்டும் எடுத்துக்கொண்டு உரிமையை விட்டுவிட்டுப் போகக் கூடாது. இது யாருடைய சின்னம், எந்தக் குலம், எந்த ஊர் என்று கேளுங்கள். பிறகு தூணிலிருந்து தொடங்காமல் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். முதலில் மூன்று மூலைகள், அடுத்துக் கறுப்புக் கோடு, அதன்பின் கோடுகள் சேருமிடத்துச் சிறு பிறைகள், கடைசியாக விலங்கு. இந்த வரிசையில் பழகிய கண் எந்தப் பெரிய தூணின் முன்னும் திகைத்து நிற்காது. அதைச் செதுக்கியவர் எங்கே துணிந்தார், எங்கே அடங்கினார் என்று கோட்டின் போக்கிலேயே படித்துவிடும்.